'நாங்கள்' முதல் 'நாம்' வரை: அமெரிக்கக் கல்லூரிகளில் சேர்ந்து பாடும் மரபின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கல்லூரிகளில் சேர்ந்து பாடும் வழக்கம் பாடத்திட்டத்தின் வழியாக வளர்ந்ததன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மாணவர்கள் தாமே அமைத்துக்கொண்ட வழக்கம் அது. ஒரே பாடலைப் பாடுவோர் ஒரே கூட்டத்தார் என்னும் உணர்வை அது வளர்த்தது. அக்கூட்டத்திற்குப் புறத்தே நிற்பவர் யார் என்பதையும் வரையறுத்தது. சமயப் பாடற்காலம், மாணவர் பாடற்குழுக்களின் தோற்றம், ஃபிஸ்க் பல்கலைக்கழகப் பாடகர்களின் பயணம், கலைத்தரச் சேர்ந்திசை, மகளிர் நுழைவு, அண்மைக்காலப் பாடல் திருத்தங்கள் ஆகியவற்றை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது. விலக்கப்பட்டோர் தமக்கெனக் குழு அமைத்தும், பழைய குழுவில் இடம் கேட்டும், பாடலின் சொல்லையே மாற்றக் கோரியும் இம்மரபின் எல்லையை விரித்தனர் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: சேர்ந்திசை, கிளீ கிளப், கல்லூரிப் பாடல், ஜூபிலி பாடகர்கள், டு பாய்ஸ், உளப்பாட்டுத் தன்மைப் பன்மை

முன்னுரை

தமிழ் தன்மைப் பன்மையில் இருவகைச் சொற்களைக் கொண்டுள்ளது. கேட்போரையும் உளப்படுத்திச் சொல்வது 'நாம்'. கேட்போரை நீக்கிச் சொல்வது 'நாங்கள்'. ஆங்கிலத்தில் இவ்வேறுபாடு இல்லை. இரண்டிற்கும் ஒரே சொல்லே அங்கு வழங்குகிறது. ஆகவே, ஆங்கிலத்தில் ஒரு கூட்டம் தன்னைத் தன்மைப் பன்மையில் குறித்துப் பாடும்போது, கேட்டு நிற்பவர் அதில் அடங்குவாரா என்பதைச் சொல் காட்டுவதில்லை. பாடும் வரிசையில் யார் நிற்கிறார் என்பதைக் கொண்டே அதனை அறிய வேண்டியுள்ளது.

அமெரிக்கக் கல்லூரிப் பாடல்களின் வரலாற்றை இக்கண்ணோட்டத்தில் அணுகுவது பயனுடையது. பட்டமளிப்பு விழா, கால்பந்தாட்டக் களம், பழைய மாணவர் கூடுகை என எங்கும் பாடப்படும் இப்பாடல்கள் பெரும்பாலும் இளமை நினைவின் எளிய வெளிப்பாடாகவே கருதப்படுகின்றன. ஆனால் இவை பிறந்த காலத்தையும் பாடியோரையும் பாட மறுக்கப்பட்டோரையும் சேர்த்து நோக்கினால், உயர்கல்வி யாருக்கு உரியது என்னும் வினா இப்பாடல்களுக்குள்ளேயே நிகழ்ந்து வந்திருப்பது புலனாகிறது. அவ்வினாவின் வரலாற்றைத் தொகுத்துக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சமயப் பாடலும் தொடக்கக்காலக் கல்லூரியும்

ஹார்வர்டு கல்லூரி 1636இல் நிறுவப்பட்டது. அக்கல்லூரி அமைந்த கேம்பிரிட்ஜ் ஊரில் 1640இல் அச்சான திருப்பாடல் மொழிபெயர்ப்பு, ஆங்கிலேயரின் வட அமெரிக்கக் குடியேற்றங்களில் அச்சிடப்பட்ட முதல் நூலாகக் கொள்ளப்படுகிறது. பியூரிட்டன் சமயத்தார் விவிலியத் திருப்பாடல்களையே வழிபாட்டில் பாடினர். இசைக்கருவிகளை வழிபாட்டில் ஏற்கவில்லை. தொடக்கப் பதிப்புகளில் இசைக்குறிப்பும் இல்லை. 1698இல் வந்த ஒன்பதாம் பதிப்பிலேயே மெட்டுகள் சேர்க்கப்பட்டன.

இசைக்குறிப்பு அறியாத சபைகளில், ஒருவர் ஓர் அடியைச் சொல்ல ஏனையோர் அதனைத் திருப்பிப் பாடும் முறை நிலைத்தது. காலப்போக்கில் ஒவ்வொருவரும் தத்தம் போக்கில் இழுத்துப் பாடலாயினர். இதனைச் சீர்செய்ய வேண்டும் என 1720களில் எழுந்த இயக்கத்தை ஹார்வர்டில் பயின்ற போதகர்கள் முன்னின்று நடத்தினர். தாமஸ் சிம்ஸ் 1720இல் வெளியிட்ட சிறுநூல், இசைக்குறிப்பைப் பார்த்து ஒழுங்குடன் பாடுவதை வலியுறுத்தியது. இதன் விளைவாக நியூ இங்கிலாந்து எங்கும் பாட்டுப்பள்ளிகள் தோன்றின. ஊர்தோறும் செல்லும் ஆசிரியர் ஒருவர் சில வாரங்கள் தங்கி, இளைஞர்களுக்குப் பல குரல்களில் இணைந்து பாடக் கற்பித்தார். கல்லூரிக்கு வந்த மாணவர் பலர் இப்பயிற்சியுடனேயே வந்தனர்.

எனினும் கல்லூரிப் பாடத்திட்டத்தில் இசைக்கு இடமில்லை. இலத்தீன், கிரேக்கம், கணிதம், தத்துவம் ஆகியவையே அங்குக் கற்பிக்கப்பட்டன. ஜான் நோல்ஸ் பெயின் ஹார்வர்டில் இசைப் பேராசிரியராக அமர்த்தப்பட்டது 1875இல்தான். அதாவது, கல்லூரி தோன்றி ஏறத்தாழ 240 ஆண்டுகள் இசை ஒரு கல்வித்துறையாக ஏற்கப்படவில்லை. இவ்விடைவெளியை நிரப்பியவர்கள் மாணவர்களே. டார்ட்மத் கல்லூரியில் 1807இல் தோன்றிய ஹேண்டல் சங்கம் போன்ற அமைப்புகள் இதற்குத் தொடக்கச் சான்றாகும்.

மாணவர் பாடலின் எழுச்சி

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மாணவர் பாடல் பெருகியதற்கு அன்றைய கல்வி முறையே முதற்காரணம் எனலாம். விருப்பப் பாடங்கள் பரவுவதற்கு முன், ஒரே ஆண்டில் சேர்ந்த மாணவர் அனைவரும் நான்கு ஆண்டுகளும் ஒரே அறையில் ஒரே பாடத்தைப் பயின்றனர். இவ்வகுப்பே அவர்களுக்குக் குடும்பம் போலாயிற்று. வகுப்பின் பெயரால் பாடல் இயற்றுவதும், அதனைச் சேர்ந்து பாடுவதும், மூத்த வகுப்பாரின் பாடல்களை இளையோர் மனப்பாடம் செய்வதும் வழக்கமாயின. யேல் கல்லூரியில் யூக்ளிடின் வடிவியல் பாடத்தை முடித்த மாணவர்கள் அந்நூலுக்கு ஒரு போலி ஈமச்சடங்கு நடத்தி, அதற்கென இயற்றிய பாடல்களைப் பாடிச் சென்றனர். கடினமான பாடத்தின் மீதிருந்த வெறுப்பு பாடலால் விளையாட்டாயிற்று.

1853இல் யேல் மாணவர் பாடல்கள் தொகுக்கப்பட்டு அச்சேறின. 1868இல் எச். ஆர். வெயிட் பல கல்லூரிகளின் பாடல்களைத் திரட்டி 'கார்மினா காலெஜென்சியா' என்னும் பெருந்தொகுப்பை வெளியிட்டார். இத்தொகுப்புகளில் ஜெர்மானிய மாணவர் பாடல்களும் இலத்தீன் குடிப்பாடல்களும் அமெரிக்க நாட்டுப்புற மெட்டுகளும் கலந்திருந்தன.

இக்காலப் பாடல்களின் தனியியல்பு, சொல் சொந்தமாகவும் மெட்டு கடனாகவும் இருந்தமையாகும். ஹார்வர்டின் இருநூறாம் ஆண்டு விழாவிற்காக 1836இல் சாமுவேல் கில்மன் இயற்றிய பாடல், தாமஸ் மூரின் காதற்பாடலால் புகழ்பெற்ற அயர்லாந்து மெட்டில் அமைந்தது. யேலுக்காக ஹென்றி டுராண்ட் 1881இல் எழுதிய பாடல் ஜெர்மானிய நாட்டுப்பற்றுப் பாடலொன்றின் மெட்டைக் கொண்டது. கார்னெல் மாணவர் இருவர் 1870ஆம் ஆண்டையொட்டி எழுதிய வாழ்த்துப் பாடல், 1857இல் அச்சான 'ஆனி லைல்' என்னும் இரங்கற்பாடலின் மெட்டில் பாடப்பட்டது. நோயுற்று இறக்கும் பெண்ணைப் பற்றிய அந்த மெட்டு பின்னர் நாடெங்கும் எண்ணற்ற கல்லூரி, பள்ளிகளின் வாழ்த்தாயிற்று. அறிந்த மெட்டாக இருந்தால் கூட்டம் உடனே பாட இயலும் என்பதே இக்கடனுக்குக் காரணம். கேட்போர் வேறு, பாடுவோர் வேறு என்ற பிரிவு இல்லாத பாடல்முறைக்குப் பழகிய மெட்டே பொருந்தும்.

கிளீ கிளப்புகளும் அவற்றின் எல்லையும்

'கிளீ' என்பது பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஆடவர் மூவரோ மிகுதியானோரோ பல குரல்களில் பாடிய ஒருவகைப் பாடல். அதனைப் பாடக் கூடிய மன்றங்களின் பெயரே அமெரிக்கக் கல்லூரிப் பாடற்குழுக்களுக்கும் அமைந்தது. ஹார்வர்டில் 1858இலும், மிச்சிகனில் 1859இலும், யேலில் 1861இலும், பென்சில்வேனியாவில் 1862இலும் கிளீ கிளப்புகள் தோன்றின. உள்நாட்டுப் போருக்குப் பின் இருப்புப்பாதை விரிந்ததால், விடுமுறைக் காலத்தில் இக்குழுக்கள் பல ஊர்களுக்குச் சென்று பாடின. பாஞ்சோ, மாண்டலின் குழுக்களும் உடன் சென்றன. பழைய மாணவர்கள் விருந்தளித்தனர். உள்ளூர் இதழ்கள் செய்தி வெளியிட்டன. ஊர்மக்கள் பலருக்குக் கல்லூரி என்பது இக்குழுவின் வாயிலாகவே அறிமுகமாயிற்று.

கல்லூரியின் முகமாகக் குழு விளங்கியதாலேயே, அம்முகம் எத்தகையதாக இருக்க வேண்டும் என்னும் வினாவும் எழுந்தது. இவற்றில் பாடியோர் பெரும்பாலும் வெள்ளையின ஆடவரே. அவர்களது நிகழ்ச்சிகளிலோ கறுப்பினத்தாரின் பேச்சையும் பாட்டையும் போலிசெய்யும் மின்ஸ்ட்ரல் வகைப் பாடல்களுக்கு நிலையான இடம் இருந்தது. பிரின்ஸ்டன் பாடல் தொகுப்பின் 1894ஆம் ஆண்டுப் பதிப்பில், இருப்புப்பாதையில் உழைக்கும் கறுப்பினத் தொழிலாளியின் குரலில் அமைந்த பாடலொன்று கொச்சை வழக்கில் இடம்பெற்றது. அம்மெட்டு பின்னர் நாடறிந்த சிறுவர் பாடலாயிற்று. 1900இல் யேலில் பரவிய 'பூலா பூலா' என்னும் களப்பாடல், பாப் கோல், பில்லி ஜான்சன் என்னும் கறுப்பினக் கலைஞர்களின் பாடலிலிருந்து உருவானது. கறுப்பினத்தாரின் இசை கல்லூரிக்குள் வந்தது. அவ்விசைக்கு உரியவர் பாடும் வரிசைக்கு வருவது அரிதாகவே இருந்தது.

ஃபிஸ்க் பாடகர்கள்: பாடலால் எழுந்த கட்டடம்

அடிமைமுறை ஒழிந்தபின் விடுதலை பெற்ற கறுப்பினத்தாருக்காக டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகரில் 1866இல் ஃபிஸ்க் கல்விநிலையம் தொடங்கப்பட்டது. படைவீரர்களுக்கான பழைய மருத்துவமனைக் கூடங்களில் இயங்கிய அந்நிறுவனம் ஐந்தாண்டுகளில் கடனில் மூழ்கியது. அதன் பொருளாளரும் இசை கற்பித்தவருமான ஜார்ஜ் எல். வைட், 1871 அக்டோபர் 6ஆம் நாள் ஒன்பது மாணவ மாணவியருடன் நிதி திரட்டும் பயணத்தைத் தொடங்கினார். அவ்வொன்பதின்மரில் பெரும்பாலோர் அடிமைகளாய்ப் பிறந்தவர்கள். பியானோ வாசித்துக் குழுவைப் பயிற்றுவித்த எல்லா ஷெப்பர்டும் அவர்களுள் ஒருவர்.

தொடக்கத்தில் அவர்கள் பாடியவை ஐரோப்பிய இசையும் அன்றைய மேடைப் பாடல்களுமே. தம் பெற்றோர் அடிமை வாழ்வில் மறைவாகப் பாடிய சமயப் பாடல்களைப் பொதுமேடையில் பாட அவர்கள் தயங்கினர். அப்பாடல்கள் அவர்களுக்குப் புனிதமானவை. மறக்க விரும்பிய காலத்தின் நினைவும் அவற்றோடு கலந்திருந்தது. கறுப்பினத்தார் மேடையேறினால் மின்ஸ்ட்ரல் கேலிக்கூத்தையே எதிர்பார்க்கும் மக்கள்முன் அவற்றைப் பாடுவது எளிதன்று. தங்கும் விடுதிகள் பல இடங்களில் அவர்களை ஏற்க மறுத்தன. கூட்டமும் வருவாயும் குறைவாக இருந்த அந்நாட்களிலேயே, தீயால் அழிந்த சிகாகோ மக்களுக்காக ஒரு நிகழ்ச்சியின் வருவாயை அவர்கள் வழங்கினர்.

ஒகாயோவின் ஓபர்லினில் 1871 நவம்பரில் நிகழ்ந்த சமயப் பேரவையில் அவர்கள் தம் முன்னோரின் பாடல்களைப் பாடியது திருப்புமுனையாயிற்று. அக்காலத்திலேயே 'ஜூபிலி பாடகர்கள்' என்னும் பெயரும் அமைந்தது. விவிலியத்தின் லேவியராகமம், ஐம்பதாம் ஆண்டில் அடிமைகள் விடுதலை பெறும் யூபிலி ஆண்டைக் கூறுகிறது. அப்பெயர் அங்கிருந்து எடுக்கப்பட்டது. 1872இல் அவர்கள் குடியரசுத் தலைவர் கிராண்டின் முன் பாடினர்; 1873இல் இங்கிலாந்து சென்று விக்டோரியா அரசியின் முன்னும் பாடினர். அவர்களின் பாடல்கள் இசைக்குறிப்புடன் 1872 முதல் அச்சில் வந்தன. திரட்டிய நிதியால் எழுந்த ஜூபிலி மண்டபம் 1876இல் திறக்கப்பட்டது. அமெரிக்கத் தென்மாநிலங்களில் கறுப்பினத்தாரின் உயர்கல்விக்கென எழுப்பப்பட்ட தொன்மையான நிலைக்கட்டடங்களுள் அதுவும் ஒன்று. பயணம் தொடங்கிய அக்டோபர் 6ஆம் நாளை ஃபிஸ்க் இன்றும் ஜூபிலி நாளாகக் கொண்டாடுகிறது. இவ்வழியைப் பின்பற்றி வர்ஜீனியாவின் ஹாம்ப்டன் மாணவர்களும் 1873 முதல் பாடித் தம் கல்விநிலையத்திற்குக் கட்டடம் எழுப்பினர்.

இங்கு இருவகைப் பாடலையும் ஒப்பிட்டு நோக்குதல் தகும். யேலிலும் ஹார்வர்டிலும் கல்லூரி முன்னரே இருந்தது. அதன் செல்வத்திலும் பெயரிலும் நின்று மாணவர் பாடினர். ஃபிஸ்கிலோ பாடல் முன்னின்றது. கல்லூரி அதனால் நிலைத்தது. 1836இல் ஹார்வர்டு பாடலில் கில்மன் வழங்கிய 'ஜூபிலி' என்னும் சொல் ஆண்டு விழாவைக் குறித்தது. முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் ஃபிஸ்க் மாணவர் ஏற்ற அதே சொல் விடுதலையைக் குறித்தது.

டு பாய்ஸின் சான்று

இவ்விரு மரபுகளையும் நேரில் அறிந்தவர் டபிள்யூ. இ. பி. டு பாய்ஸ். 1885 முதல் 1888 வரை ஃபிஸ்கில் பயின்ற அவர் அங்கு மொசார்ட் சங்கத்தில் பாடினார். பின்னர் ஹார்வர்டில் சேர்ந்தார். நல்ல குரல்வளம் கொண்டிருந்த அவர் ஹார்வர்டு கிளீ கிளப்பிற்கு விண்ணப்பித்தார், ஏற்கப்படவில்லை. நாடெங்கும் பயணம் செய்யும் குழுவில் கறுப்பினத்தான் ஒருவனை ஹார்வர்டு சேர்த்துக்கொள்ள இயலாது என்பதைத் தாம் முன்னரே உணர்ந்திருக்க வேண்டும் எனத் தம் தன்வரலாற்றில் அவர் குறிப்பிடுகிறார். அவர் மறைவுக்குப் பின் 1968இல் அந்நூல் வெளிவந்தது.

இச்சான்று பல வகையில் முதன்மையானது. ஹார்வர்டு அவரை வகுப்பறையில் ஏற்றது, பட்டம் வழங்கியது, 1895இல் முனைவர் பட்டமும் அளித்தது. அப்பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற முதல் ஆப்பிரிக்க அமெரிக்கர் அவரே. ஆயினும் கல்லூரியின் சார்பாக ஊர் ஊராகச் சென்று பாடும் வரிசையில் அவருக்கு இடமில்லை. கல்விக்கு அனுமதிப்பது வேறு, தம்மில் ஒருவராகக் கொள்வது வேறு என்பதை இந்நிகழ்வு தெளிவாக்குகிறது. பாடும் குழு எவ்வளவு எளிய அமைப்பாகத் தோன்றினும், உறுப்புரிமையின் உண்மையான எல்லை அங்கேதான் வரையப்பட்டிருந்தது.

1903இல் வெளியான 'கறுப்பு மக்களின் ஆன்மாக்கள்' என்னும் நூலின் இறுதி இயலை டு பாய்ஸ் அடிமைகளின் பாடல்களுக்கே ஒதுக்கினார். ஜூபிலி மண்டபம் அப்பாடல்களாலேயே ஆனது போலத் தமக்குத் தோன்றியதாக அதில் எழுதுகிறார். ஆனால் பாடலின் பெருமையை மட்டும் அவர் பேசவில்லை. 1924இல் ஃபிஸ்கில் ஆற்றிய உரையில், வெள்ளையர் மன்றமொன்றில் பாடுவதற்காக மாணவியரைப் பின்சந்து வழியாக அழைத்துச் சென்ற நிருவாகத்தை அவர் கடுமையாகக் கண்டித்தார். மறு ஆண்டு மாணவர் வேலைநிறுத்தம் எழுந்தது. கல்லூரித் தலைவர் பதவி விலகினார். பாடலால் கட்டப்பட்ட கல்லூரியிலேயே, யாருக்காக, எவ்வாயில் வழியே சென்று பாடுவது என்பது தன்மானச் சிக்கலாயிற்று.

ஆட்டக்களமும் கலைமேடையும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கல்லூரிப் பாடல் இருவேறு திசைகளில் பிரிந்தது. ஒன்று கால்பந்தாட்டக் களம். கல்லூரிகளுக்கிடையிலான கால்பந்தாட்டம் 1869இல் தொடங்கியது. பார்வையாளர் ஆயிரக்கணக்கில் பெருகியபோது, நுட்பமான பல குரல் பாடல் அங்குப் பயன்படவில்லை. அணிவகுப்பு இசையில் அமைந்த ஊக்கப் பாடல்கள் தோன்றின. சிகாகோ அணியை வென்ற மகிழ்ச்சியில் மிச்சிகன் மாணவர் லூயிஸ் எல்பெல் 1898இல் இயற்றிய பாடலும், 1908இல் நோட்டர் டேம் பல்கலைக்கழகத்திற்கும் 1909இல் விஸ்கான்சினுக்கும் அமைந்த பாடல்களும் இவ்வகையின. விஸ்கான்சின் பாடல் 1959இல் மாநிலப் பாடலாகவும் ஏற்கப்பட்டது. கல்லூரியில் பயிலாத பொதுமக்களும் இப்பாடல்களைத் தம் பாடல்களாகக் கொண்டனர். பாடுவோர் எல்லை இவ்வாறு விரிந்தது. ஆனால் எதிரணியைக் குறித்த 'நாங்கள்' என்னும் உணர்வு இன்னும் கூர்மை பெற்றது.

மற்றொன்று கலைமேடை. 1912 முதல் ஹார்வர்டு கிளீ கிளப்பைப் பயிற்றுவித்த ஆர்ச்சிபால்டு டி. டேவிசன், கேளிக்கைப் பாடல்களைக் குறைத்துப் பாலஸ்திரீனா, பாக் முதலியோரின் படைப்புகளை அறிமுகம் செய்தார். பழைய மாணவர் சிலர் இம்மாற்றத்தை விரும்பவில்லை. எனினும் 1921இல் ஐரோப்பா சென்று பாடிய இக்குழுவுக்காகப் பிரெஞ்சு இசையமைப்பாளர் பூலான்க் தனிப்படைப்பு ஒன்றை இயற்றினார். மினசோட்டாவில் நார்வே வழிவந்த லூத்தரன் மக்கள் நிறுவிய செயின்ட் ஒலாஃப் கல்லூரியில் எஃப். மெலியஸ் கிறிஸ்டியன்சன் 1912இல் உருவாக்கிய ஆண், பெண் கலந்த சேர்ந்திசைக் குழு, கருவியின்றி மனப்பாடமாகப் பாடும் முறையில் நாடறியப் புகழ்பெற்றது. குடியேறியோரின் கோயில் பாடலும் கல்லூரிக் கலையாகலாம் என்பதை அது காட்டியது.

மகளிர் குரலும் மாறிய சொற்களும்

மகளிர் கல்லூரிகள் தமக்கென வேறொரு பாடல்மரபை வளர்த்தன. வெல்லெஸ்லி, பிரின் மார் ஆகிய கல்லூரிகளில் வகுப்புவாரியாகப் படிக்கட்டுகளில் அமர்ந்து, ஒரு வகுப்பார் பாட மற்றொரு வகுப்பார் எதிர்பாடும் வழக்கம் நிலைத்தது. ஆடவர் குழு வெளியூர்ப் பயணத்தால் புகழ்பெற, மகளிர் பாடல் வளாகத்திற்குள் உறவை வளர்த்தது. 1909இல் யேலில் தோன்றிய 'விஃபன்பூஃப்ஸ்' குழு, கருவியின்றிப் பாடும் கல்லூரிச் சிறுகுழுக்களில் மூத்தது. அதன் பெயரையே வேடிக்கையாகத் திரித்து ஸ்மித் கல்லூரி மாணவியர் 1936இல் 'ஸ்மிஃபன்பூஃப்ஸ்' குழுவை அமைத்தனர்.

யேலும் பிரின்ஸ்டனும் 1969இலும், டார்ட்மத் 1972இலும் இளநிலைப் பட்டப்படிப்பில் மகளிரைச் சேர்த்தன. அப்போது பழைய பாடல்கள் நெருடலாயின. கல்லூரியின் மைந்தர்கள் எனத் தம்மைக் கூறிக்கொள்ளும் பாடலை மாணவியர் எவ்வாறு பாடுவது? சிலர் இதனைச் சொற்பூசல் என ஒதுக்கினர். மரபைக் கைவிடலாகாது எனப் பழைய மாணவர் பலர் வாதிட்டனர். ஆயினும் 1987இல் பிரின்ஸ்டன் பாடலும், 1988இல் டார்ட்மத் பாடலும், 1998இல் ஹார்வர்டு பாடலின் தொடக்கமும் திருத்தப்பட்டன. யேலின் விஃபன்பூஃப்ஸ் குழு 2018இல் முதன்முறையாகப் பெண் ஒருவரைச் சேர்த்துக்கொண்டது. மாணவியர் கல்லூரிக்குள் நுழைந்து ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின்னரே அவ்வரிசையில் இடம் பெற்றனர்.

இத்திருத்தங்களின் மொழியியல் தன்மை உற்றுநோக்கத்தக்கது. பிரின்ஸ்டனிலும் ஹார்வர்டிலும் 'மைந்தர்' என்னும் பொருள்தரும் படர்க்கைச் சொல் நீக்கப்பட்டது. அவ்விடத்தில் 'மகளிர்' என்னும் சொல் சேர்க்கப்படவில்லை. தன்மைப் பன்மைச் சொற்களே அமர்ந்தன. யாருடைய பாடல் என்பதைப் பாடலே வரையறுத்த நிலை மாறி, பாடுவோர் எவரோ அவரே அதற்கு உரியவர் என்னும் நிலை உருவாயிற்று. பியூரிட்டன் மரபினரின் வழித்தோன்றல்களைச் சுட்டிய ஹார்வர்டு பாடலின் இறுதியடியும் 2018இல் மாற்றப்பட்டது. குலவழி பற்றிய குறிப்பு நீங்கி, வானத்து விண்மீன்களைச் சுட்டும் தொடர் அங்கு இடம்பெற்றது.

டெக்சாஸ்: சொல் மாறாத இடத்தில் எழும் சிக்கல்

சொல் குற்றமற்றதாகவே இருந்து, பிறந்த சூழல் குற்றமுடையதாயின் என் செய்வது? டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் பாடல் இவ்வினாவை எழுப்பியது. 1903இல் ஜான் சிங்கிளேர் எழுதிய அப்பாடல், பிரின்ஸ்டன் தொகுப்பில் 1894இல் வந்த இருப்புப்பாதைத் தொழிலாளி பாடலின் மெட்டிலேயே அமைந்தது. ஆஸ்டின் நகரில் நடந்த மின்ஸ்ட்ரல் நிகழ்ச்சியொன்றில் அது முதன்முதலாகப் பாடப்பட்டது. வெள்ளையர் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பினத்தாரைப் போலிசெய்யும் மேடை அது.

2020இல் ஜார்ஜ் ஃபிளாய்டு கொலையைத் தொடர்ந்து எழுந்த கிளர்ச்சிகளின்போது, அப்பல்கலைக்கழக விளையாட்டு வீரர்கள் இப்பாடலை மாற்றக் கோரினர். இசைக்குழு மாணவர் சிலர் அதனை வாசிக்க மறுத்தனர். பழைய மாணவர் பலர் பாடலைக் காக்க முனைந்தனர். நிருவாகம் பாடலை நீக்கவில்லை. 2021 மார்ச்சில் வெளியான ஆய்வுக்குழு அறிக்கை, பாடல் இனவெறி நோக்கத்துடன் எழுதப்படவில்லை எனக் கூறியது; அதன் முதல் அரங்கேற்றம் மின்ஸ்ட்ரல் மேடையில் நிகழ்ந்ததை மறைக்காமல் பதிவும் செய்தது. பாடியே ஆக வேண்டும் என எவரும் கட்டாயப்படுத்தப்படுவதில்லை என நிருவாகம் அறிவித்தது. ஹார்வர்டிலும் பிரின்ஸ்டனிலும் சொல்லை மாற்றியதால் சிக்கல் தணிந்தது. டெக்சாசில் மாற்றத்தக்க சொல் இல்லை. நினைவே சிக்கலாக இருந்தது. சேர்ந்து பாடும்போது சிலர் வாய்மூடி நிற்பதும் அப்பாடலின் வரலாற்றில் ஒரு பகுதியாயிற்று.

விரிந்த வரிசை

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கல்லூரிப் பாடல் அமெரிக்க, ஐரோப்பிய எல்லைகளையும் கடந்தது. 'நியூ இங்கிலாந்தின் பாடும் கல்லூரி' எனப் பெயர்பெற்றிருந்த கனெக்டிகட்டின் வெஸ்லியன் பல்கலைக்கழகம், 1960களில் பிறநாட்டு இசைகளைப் பயிற்றும் நிலையமாகவும் வளர்ந்தது. தமிழகத்து மிருதங்கக் கலைஞர் டி. ரங்கநாதன் அங்கு ஆசிரியரானார். அவர் உடன்பிறந்த புல்லாங்குழல் கலைஞர் டி. விசுவநாதனும் பின்னர்ச் சேர்ந்தார். அங்குப் பயின்ற ஜான் பி. ஹிக்கின்ஸ், சென்னையில் விசுவநாதனிடம் கருநாடக இசை கற்று, 1965இல் திருவையாறு தியாகராசர் ஆராதனையில் பாடினார். கிளீ பாடல்களால் பெயர்பெற்ற ஒரு கல்லூரியின் மாணவரைத் தமிழகத்தார் 'பாகவதர்' என அழைத்தனர். பிறிதொரு மரபின் வரிசையில் பணிவுடன் இடம் கேட்டு அமர்ந்தமைக்கு இது சான்றாகும்.

எதிர்த்திசையிலும் இவ்வியக்கம் நிகழ்ந்தது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 1996இல் தெற்காசிய வழி மாணவர்கள் 'பென் மசாலா' குழுவைத் தொடங்கினர். கருவியின்றிப் பாடும் அமெரிக்கக் கல்லூரி முறையில் இந்தியத் திரைப்பாடல்களை அவர்கள் பாடினர். 2009இல் வெள்ளை மாளிகைத் தீபாவளி விழாவிலும் அக்குழு பாடியது. ஃபிஸ்க் மாணவர் செய்தது போலவே, இவர்களும் தம் வீட்டில் கேட்ட பாடலைக் கல்லூரியின் பாடலாக்கினர் எனலாம். ஆயினும் ஃபிஸ்க் மாணவர் எதிர்கொண்ட வறுமையும் விடுதிகளின் மறுப்பும் இவர்களுக்கு இல்லை என்பதையும் உடன் நோக்க வேண்டும்.

முடிவுரை

அமெரிக்கக் கல்லூரிகளில் சேர்ந்து பாடும் மரபு மாணவர் கையில் பிறந்து, கடன்பெற்ற மெட்டுகளில் வளர்ந்து, கல்லூரியின் முகமாக நிலைபெற்றது. அது ஒருமைப்பாட்டை வளர்த்த அளவிற்கு விலக்கையும் வளர்த்தது. டு பாய்ஸுக்கு மறுக்கப்பட்ட இடம் இவ்விரட்டைத் தன்மைக்குத் தக்க சான்று.

விலக்கப்பட்டோர் இம்மரபைப் புறக்கணித்துச் செல்லவில்லை என்பது இவ்வாய்வில் பெறப்படும் முதன்மைச் செய்தி. ஃபிஸ்க் மாணவர் தமக்கெனப் பாடற்குழு கண்டு, அதனால் தம் கல்லூரியையே நிலைநிறுத்தினர். மாணவியர் பழைய குழுக்களின் வரிசையில் இடம் கேட்டுப் பெற்றனர். பிற்காலத்தார் பாடலின் சொல்லையும் அதன் வரலாற்று நினைவையும் வினாவுக்கு உட்படுத்தினர். மூன்றும் பாடலின்மீது உரிமை கோரிய செயல்களே.

பிரின்ஸ்டன், ஹார்வர்டு பாடல்களில் படர்க்கைச் சொல் நீங்கித் தன்மைப் பன்மை அமைந்தது. அச்சொல்லைத் தமிழில் 'நாங்கள்' எனப் பெயர்ப்பதா, 'நாம்' எனப் பெயர்ப்பதா என்பதை அப்பாடல்களின் ஆங்கிலம் முடிவு செய்யாது. அதனைப் பாடும் வரிசையில் நிற்போரும், அவ்வரிசையில் இடம் கேட்டு வருவோருக்குக் கிடைக்கும் விடையுமே முடிவு செய்யும்.